மூன்றாம் நம்பரின் நேர்கோடு

முட்டைக்கும் இணையத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் மாப்பிள்ளை சிரிப்பார். அது ஒரு தினுசான சிரிப்பு. உதடு மட்டும் சிரிக்கும், கண் கைப்பேசியிலேயே இருக்கும். பொரிப்பகத்து முதலாளி நோயில் படுத்த பிறகு, மகளைக் கட்டியவர் என்ற ஒரே தகுதியோடு உள்ளே வந்தவர் அவர். அதற்கு முன்னால் கோழியைத் தட்டில் மட்டும்தான் பார்த்திருக்கிறார். நேரில் ‘சார்’, முதுகுக்குப் பின்னால் ‘மாப்பிள்ளை’. முதலாளிக்கு மட்டும்தான் அவர் மாப்பிள்ளை என்றாலும், பதினாறு தொழிலாளிகளும் ஆளுக்கொரு பெண்ணைக் கொடுத்தவர்கள் மாதிரி அப்படியேதான் அழைத்தார்கள்.

பொரிப்பகம் என்றால் பெரிய மாயம் ஒன்றும் இல்லை. நீளமான ஒரு கூடம். அதில் ஆறு மெஷின்கள், ஒவ்வொன்றும் ஒரு சின்ன அறை அளவு. ஒரு மெஷினுக்குப் பன்னிரண்டாயிரம் முட்டை. பதினெட்டு நாள் அதற்குள் சூட்டில் இருக்கும். பிறகு பக்கத்துக் கூடத்துப் பெட்டிகளுக்கு மாற்றினால் இருபத்தொன்றாம் நாள் ஓட்டை உடைத்துக்கொண்டு குஞ்சு வரும். சூடு பாரன்ஹீட் கணக்கில் தொண்ணூற்றொன்பதரை டிகிரி இருக்க வேண்டும். ஏறினாலும் ஆபத்து, இறங்கினாலும் ஆபத்து. இவ்வளவுதான் தொழில். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கூடத்துக்குப் பொறுப்பு சூட்டக்கா.

சூட்டக்கா என்பது யாரோ வைத்த பட்டப்பெயர். அவள் வாயில் இருக்கும் சூட்டுக்காக வைத்தது என்று அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் சொல்வார்கள். உண்மையில் அவள் முட்டையின் சூட்டைப் பார்க்கிற விதத்துக்காக வைத்தது. மெஷின் கதவைத் திறப்பாள், நடுத்தட்டிலிருந்து ஒரு முட்டையை எடுத்து, மூடிய கண்ணிமையின் மேல் வைப்பாள். இமைத்தோல் மெல்லியது, அரை டிகிரி கூடினாலும் தெரிந்துவிடும். இந்தத் தொழிலில் பல பேர் செய்கிற காரியம்தான், பெரிய வித்தை இல்லை. இதற்குமேல் மெஷினுக்கு ஒரு தெர்மாமீட்டர் உண்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அதைப் பார்த்துக் கரும்பலகையில் எழுதுவார்கள்.

மாப்பிள்ளை வந்த மூன்றாவது மாதம் கோட்டு போட்ட ஒருவனைக் கூட்டிவந்தார். கூடத்தில் நிற்கிறவர்களுக்கெல்லாம் வியர்வை முதுகில் ஓடுகிறது, இவன் எல்லாப் பொத்தானையும் போட்டுக்கொண்டு நிற்கிறான். ‘கோட்டு’ என்ற பெயர் அன்றைக்கே விழுந்துவிட்டது. ஒவ்வொரு மெஷினுக்குள்ளும் ஒரு சென்சாரைத் தொங்கவிட்டான். சுண்டுவிரல் நீளத்துக்கு ஓர் உலோகக் குச்சி, அதன் பின்னால் கறுப்பு ஒயர். கதவு திறப்பதைச் சொல்ல ஒரு வில்லை. ஜெனரேட்டருக்கு ஒரு பெட்டி. எல்லாம் சேர்ந்து இணையம் வழியாக மாப்பிள்ளையின் கைப்பேசிக்குப் போகும். உலகத்தில் எந்த மூலையில் இருந்தாலும் ஆறு மெஷினும் சாருடைய சட்டைப்பையில் இருக்கும் என்றான் கோட்டு. ஒரு சட்டைப்பையில் எழுபத்திரண்டாயிரம் முட்டை தாங்குமா என்று டீசல் கேட்டார். அது கிண்டல் என்று கோட்டுக்குப் புரியவில்லை, உட்காரவைத்து விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

டீசல் என்பவர் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்கிறவர். ஐம்பது வயது, அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பின்னாலிருக்கும் இரண்டு அறை வீட்டில் மனைவியோடும், எழுந்து நடமாட முடியாத மாமனாரோடும் குடியிருந்தார். கரண்ட் போனால் ஒரு நிமிஷத்துக்குள் ஜெனரேட்டர் ஓட வேண்டும் என்பதற்காகவே முதலாளி கொடுத்த வீடு அது. வேலை இருக்கும்வரைதான் வீடும். பதினான்கு வருஷத்தில் அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடிய நாட்களை எண்ணினால் எண்ணிக்கொண்டே இருக்கலாம்.

சூடு தவறினால் கூடத்தில் ஒரு பெண்குரல் பேசும்படியும் செய்திருந்தான் கோட்டு. “மூன்றாம் இயந்திரம். வெப்பநிலை குறைகிறது. கவனிக்கவும்.” செய்தி வாசிக்கிற தமிழ். சூடு சரியாகும்வரை திரும்பத் திரும்பச் சொல்லும், சரியானதும் “நன்றி” என்று முடிக்கும். மாப்பிள்ளை தன் கைப்பேசியில் ஒரு பொத்தானை அமுக்கினாலும் நின்றுவிடும். ஆனால் அப்போது நன்றி கிடையாது, பாதி வார்த்தையில் அறுந்துபோகும். அரைமணி நேரத்தில் அந்தக் குரலுக்கும் பெயர் வந்துவிட்டது. குறை சொல்வதற்குத்தான் வாயையே திறக்கிறது, மாமியார் என்று வைக்காமல் வேறென்ன வைப்பார்கள்.

மாமியார் வந்த கையோடு சட்டங்களும் வந்தன. கரும்பலகை போயிற்று. தெர்மாமீட்டர்களைக் கழற்றி அட்டைப்பெட்டியில் போட்டு மூட்டை கட்டினார் மாப்பிள்ளை, இரண்டு விதமான எண் இருந்தால் குழப்பமாம். கண்ணிமையில் முட்டை வைப்பது சுகாதாரக்கேடு. மெஷின் கதவை ஒரு நாளைக்கு இரண்டு தடவைக்கு மேல் திறந்தால் அவருக்குக் காரணம் சொல்ல வேண்டும். முட்டைக்குள் விளக்கடித்துக் குஞ்சு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கிற வேலையும் வீண் வேலை என்று நின்றது. ஜெனரேட்டரை இனிமேல் அவரே கைப்பேசியிலிருந்து ஓட்டுவார், டீசல் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தால் போதும். கைப்பேசி சொல்லாமல் டீசல் அதில் கை வைக்கக்கூடாது. கைப்பேசி என்றைக்குமே சொல்லாமல் போனால் என்ன செய்வது என்று கேட்க டீசலுக்கு வாய் வரவில்லை.

அன்றிலிருந்து சூட்டக்காவுக்கு நிம்மதி போயிற்று. முட்டை அடுக்குவதற்காகக் கதவைத் திறந்தாலே சூடு கொஞ்சம் இறங்கும், உடனே மாமியார் குறைகிறது, குறைகிறது என்று பாட ஆரம்பிப்பாள். மாப்பிள்ளை பொத்தானை அமுக்கி அவள் வாயை அடைப்பார், அடுத்த நிமிஷம் அவருடைய ஃபோன் வரும். கல்யாண மண்டபத்திலிருந்து வரும், விமான நிலையத்திலிருந்து வரும். ஒருநாள் பல் டாக்டரின் நாற்காலியிலிருந்து வாயில் பஞ்சோடு கூப்பிட்டு, இரண்டாம் நம்பர் கதவு ஏன் நாற்பத்தெட்டு விநாடி திறந்திருந்தது என்று கொழகொழவென்று கேட்டார். பஞ்சை வைத்த டாக்டர் இன்னொரு பஞ்சும் வைத்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள் சூட்டக்கா. அவருக்கு விளக்கம் சொல்லிச் சொல்லியே அவளுக்கு நாக்கு வறண்டது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். கதவைத் திறந்தால்தானே இந்தத் தொல்லை, திறக்காமலேயே இருந்துவிடுவோம். சனியன் விட்டது என்று இருந்தது.

அவள் அந்த மாமியாரை மனிதப் பிறவியாகவே மதிக்கவில்லை. அது மனிதப் பிறவி இல்லைதான், ஆனால் ஒரு தெர்மாமீட்டருக்குக் கொடுக்கிற மரியாதையைக்கூடக் கொடுக்கவில்லை. பதினெட்டு நாள் முட்டையைப் பார்த்திருக்கிறதா இந்தக் குச்சி, குஞ்சின் மூச்சுத்தான் தெரியுமா இதற்கு என்று ஏளனமாகப் பேசுவாள். மற்றவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் அவளுக்கு ஒரு ருசியும் விழுந்துவிட்டது.

மூன்றாம் நம்பர் மெஷினில் புது முட்டை அடுக்கிய நாலாவது நாள் மத்தியானம் கரண்ட் போயிற்று. டீசல் ஜெனரேட்டர் பக்கத்தில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கைப்பேசி உத்தரவு வரவேண்டுமே. மாப்பிள்ளை அந்த நேரம் ஏதோ ஒரு கட்டடத்தின் லிஃப்டுக்குள் இருந்திருக்கிறார், அங்கே சிக்னல் இல்லை. நாலு நிமிஷம் நின்றார் டீசல். அதற்குமேல் மனசு கேட்கவில்லை, கையாலேயே ஓட்டிவிட்டார். மாப்பிள்ளையின் கைப்பேசியில் அது ‘தாமதம்’ என்று ஒரு வரியும், ‘அனுமதியின்றி இயக்கம்’ என்று ஒரு வரியுமாகச் சிவப்பு எழுத்தில் விழுந்தது. நாலு நிமிஷத்தில் முட்டைக்கு ஒன்றும் ஆகாது என்று பொரிப்பகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். யாரையும் கேட்கிற வழக்கம்தான் அங்கே நின்றுபோயிருந்தது.

ஏழாம் நாள் மூன்றாம் நம்பர் கத்த ஆரம்பித்தது. கதவு மூடியிருக்கும்போதே கத்தியது. காலையில் நாலு தரம், மத்தியானத்துக்குமேல் ஏழு தரம். மாமியார் அந்த முறை சொன்னது வேறு. வெப்பநிலை அதிகமாகிறது என்று சொன்னாள். மாதக்கணக்காகக் குறைகிறது என்றே கேட்டுப் பழகிய காதுகள், அவள் கத்துகிறாள் என்பதை மட்டும் கேட்டன, என்ன சொல்லிக் கத்துகிறாள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. சூட்டக்காவும் கேட்கவில்லை. கோட்டு வந்து பார்த்தான், நெட்வொர்க் பிரச்சினை என்றான், தேநீர் குடித்தான், போனான். மாப்பிள்ளை இருந்த இடத்திலிருந்தே பொத்தானை அமுக்கி அமுக்கி மாமியாரின் வாயை அடைத்தார்.

எட்டாம் நாள் அவர் ஃபோனில் எரிந்து விழுந்தார். இன்னும் இரண்டு வாரத்தில் மற்ற பொரிப்பகங்களின் முதலாளிகள் பார்வையிட வருகிறார்கள், கோட்டுவின் சரக்கை அவர்களுக்கு விற்கிற ஏஜென்சியை அவரே எடுக்கப்போகிறார். அவர்களுக்குக் காட்ட ஆறு மெஷினின் கோடும் நேராக இருக்க வேண்டும். மூன்றாம் நம்பரின் கோடு மட்டும் மலையும் பள்ளமுமாக இருக்கிறது. “எனக்கு நேர்கோடு வேணும் மேடம். எப்படியோ பண்ணுங்க. உங்களால முடியலன்னா முடியிற ஆளா பாத்துக்கிறேன்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவர் மேடம் என்று கூப்பிட்டாலே ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம்.

சூட்டக்காவுக்கு ரத்தம் கொதித்தது. நேர்கோடுதானே வேண்டும், இந்தா வாங்கிக்கொள் என்று எழுந்தாள். ஐந்து லிட்டர் கேன் ஒன்றில் வெதுவெதுப்பான தண்ணீரை நிரப்பி மூன்றாம் நம்பருக்குள் பின்மூலையில் வைத்து, சென்சார் குச்சியைப் பிடித்து அந்தத் தண்ணீருக்குள் இறக்கினாள். காற்றின் சூடு நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். ஐந்து லிட்டர் தண்ணீருக்கு அந்த அவசரம் இல்லை, அது மெதுவாகச் சூடாகி மெதுவாக ஆறும். அரைமணியில் கோடு அடங்கியது, சாயங்காலத்துக்குள் ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. மாமியாருக்கு வாய்ப்பூட்டு. மாப்பிள்ளை கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினார். அவள் அதைக் காட்டிக் காட்டி எல்லோரையும் சிரிக்கவைத்தாள், டீசலும் சிரித்தார்.

அந்த இடத்தில்தான் அவள் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். கதவைத் திறந்து ஒரே ஒரு முட்டையை இமையில் வைத்திருந்தால் போதும். கை கதவுவரைக்கும் போனது. கேன் வைக்க ஒரு தடவை திறந்தாயிற்று, மறுபடியும் திறந்தால் அதுவும் பதிவாகும், பதிவானால் ஃபோன் வரும், அந்தக் குரலை இன்னொரு தரம் கேட்க வேண்டும். சே, யாருக்கு வேண்டும் அது என்று கையை இழுத்துக்கொண்டாள்.

இருபத்தொன்றாம் நாள் புதன்கிழமை. குஞ்சு பொரிக்கிற நாளில் அந்தக் கூடத்தில் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவது கேட்காது, அவ்வளவு சத்தமாக இருக்கும். அன்றைக்கு மூன்றாம் நம்பரிலிருந்து வந்த தட்டுகளில் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கீச்சென்றது. பன்னிரண்டாயிரத்தில் மூவாயிரம்கூடத் தேறவில்லை. தேறியதிலும் பாதி தலையைத் தூக்க முடியாமல் கிடந்தன. மிச்சமெல்லாம் ஓட்டுக்குள்ளேயே செத்திருந்தது. கூடத்தில் வேலை செய்கிற பெண்கள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சூட்டக்காவின் முகத்தைப் பார்த்தார்கள்.

அவள் நாற்பது முட்டையை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உடைத்தாள். உடைத்துப் பார்த்தால் குஞ்சு எந்த நாளில் செத்தது என்று சொல்லிவிடலாம். அலகு வந்திருக்கிறதா, இறகு எவ்வளவு வளர்ந்திருக்கிறது, மஞ்சள் கரு எவ்வளவு மீதியிருக்கிறது என்று கணக்கு உண்டு. ஒன்று ஒன்பதாம் நாள் செத்திருந்தது. ஒன்று பன்னிரண்டு. ஒன்று பதினாறு. தினம் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்திருக்கின்றன. எல்லாவற்றிலும் சூட்டில் வெந்த அடையாளம். அவளுடைய கேன் உள்ளே போனது எட்டாம் நாள்.

மாப்பிள்ளை காரில் வந்து இறங்கினார். செத்த முட்டைகளைப் பார்க்கவே இல்லை, மூக்கைப் பொத்திக்கொண்டு கைப்பேசியைத்தான் பார்த்தார். மூன்றாம் நம்பரின் சூட்டுக்கோடு எட்டாம் நாளிலிருந்து நேர். அதற்கு முந்தின மலையையும் பள்ளத்தையும் நெட்வொர்க் பிரச்சினை என்று தள்ளிவிட்டார். ஒரே ஒரு இடத்தில் சிவப்பு, நாலாம் நாள், தாமதம், அனுமதியின்றி இயக்கம். கண்டுபிடித்துவிட்டார். டீசலை அழைத்து, சனிக்கிழமைக்குள் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போகச் சொன்னார். டீசல் தன் மாமனாரின் கட்டிலை எப்படி வெளியே கொண்டுபோவது என்று மெதுவாகக் கேட்டார். அந்தக் கட்டிலை உள்ளே கொண்டுவரும்போது கதவைக் கழற்ற வேண்டியிருந்ததாம்.

சூட்டக்கா தட்டோடு முன்னால் போய் நின்றாள். நாலாம் நாள் செத்திருந்தால் உள்ளே ரத்தக்கோடு தவிர ஒன்றும் இருக்காது, இதோ இறகு முளைத்த குஞ்சு, இது கரண்ட் போனதால் சாகவில்லை என்று காட்டினாள்.

“மேடம், நீங்க முட்டைய பாத்து சொல்றீங்க. நான் டேட்டாவ பாத்து சொல்றேன்” என்றார் மாப்பிள்ளை. “கோடு நேரா இருக்கு. கோடு பொய் சொல்லாது.”

கோட்டை நேராக்கியது நான்தான் என்கிற வார்த்தை அவளுடைய நாக்கு நுனிவரை வந்தது. வந்து, அங்கேயே நின்றது. இருபத்திரண்டு வருஷத்து வேலை, அவள் சம்பளத்தை நம்பியிருக்கிற வீடு, எல்லாம் சேர்ந்து வாயை அடைத்தன. ஊரையெல்லாம் கோழை என்று ஏசுகிறவள், தட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாள். போகிற வழியில் மூன்றாம் நம்பரைக் கடந்தாள். அதில் ஞாயிற்றுக்கிழமை அடுக்கிய புது முட்டை பன்னிரண்டாயிரம் இருந்தது. கேனும் உள்ளேதான் இருந்தது. எடுத்தால் மாமியார் கத்துவாள், கத்தினால் விஷயம் வெளியே வரும். அதையும் அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். தன்மேல் அவளுக்கு அவ்வளவு அருவருப்பு அதற்கு முன்னால் வந்ததில்லை.

வியாழக்கிழமை பத்து மணிக்கு விருந்தாளிகள் ஏழு பேர் வந்தார்கள். சுவரில் பெரிய திரை மாட்டியிருந்தார்கள், அதில் ஆறு நேர்கோடுகள். கோட்டு புதுக் கோட்டில் வந்திருந்தான். மாப்பிள்ளை பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். முந்தின நாள் நடந்த சாவைக்கூட விற்பனைக்கு வைத்தார். ஒரு தொழிலாளியின் அலட்சியத்தால் ஒரு மெஷின் முட்டை போய்விட்டது, எங்கள் சாதனம் குற்றவாளியை இரண்டு நிமிஷத்தில் பிடித்துக் கொடுத்துவிட்டது என்றார். டீசல் வாசல் பக்கம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விருந்தாளிகளில் தடித்த கண்ணாடி போட்ட ஒரு அம்மா இருந்தார், சொந்தமாகப் பொரிப்பகம் நடத்துகிறவர். தன்னிடம் இதேமாதிரி ஒரு சின்ன சாதனம் இருப்பதாகவும், போன வருஷம் ஃபேன் நின்றதை அதுதான் சொன்னதென்றும், ஓடிப்போய்ப் பார்த்ததால் முட்டை பிழைத்ததென்றும் சொன்னார். பிறகு ஒன்று கேட்டார்.

“இது கத்தினா இங்க யாரு போயி பாக்குறாங்க?”

“போய்ப் பாக்கவே வேணாம் மேடம். ஃபோன்லயே பாத்து ஃபோன்லயே நிறுத்திடலாம்” என்றார் மாப்பிள்ளை பெருமையாக. பிறகு சூட்டக்காவைக் கைகாட்டினார். இருபத்திரண்டு வருஷ அனுபவசாலி, இப்போது இவங்களுக்கு வேலையே இல்லை, திரையைப் பார்த்தால் போதும் என்றார்.

சூட்டக்கா திரையைப் பார்க்கவில்லை. டீசலைப் பார்த்தாள். அவர் சட்டைப்பையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் செருகியிருந்தது, கதவைக் கழற்றுவதற்கு எடுத்து வைத்திருக்கிறார் போல. அவள் நேரே நடந்து போய் மூன்றாம் நம்பரின் கதவைத் திறந்து, அகலமாகத் தள்ளிவிட்டு, பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்த வெப்பம் விருந்தாளிகளின் முகத்தில் அடித்தது. ஒரு நிமிஷம் போயிற்று. மூன்று நிமிஷம் போயிற்று. மாப்பிள்ளை கதவை மூடச் சொன்னார், அவள் காதில் வாங்கவில்லை. மாமியார் வாயே திறக்கவில்லை.

“சார், கதவு தொறந்து அஞ்சு நிமிஷமாச்சு. உங்க கோடு அசையவே இல்ல. ஏன்னு கேக்க மாட்டீங்களா?”

“நெட்வொர்க் ஸ்லோவா இருக்கும்.”

“கதவு தொறந்திருக்குன்னு அப்பவே காட்டிடுச்சே” என்றார் கண்ணாடி அம்மா திரையைப் பார்த்துக்கொண்டு. “அதுக்கு மட்டும் நெட்வொர்க் வேகமா இருக்கா?”

கோட்டு கழுத்துப் பொத்தானைத் தளர்த்திக்கொண்டான்.

சூட்டக்கா உள்ளே குனிந்து கேனைத் தூக்கிக்கொண்டு வந்து எல்லோருக்கும் நடுவில் வைத்தாள். தண்ணீருக்குள் குச்சி கிடந்தது, கறுப்பு ஒயர் பின்னால் நீண்டிருந்தது.

“நான்தான் வெச்சேன். நேர்கோடு வேணும்னு சொன்னாரு, குடுத்தேன். ரெண்டு வாரமா இந்த மெஷின்ல என்ன சூடுன்னு இவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உள்ள இருந்த குஞ்சுங்களுக்குத்தான் தெரியும். டீசல் மேல ஒரு தப்பும் இல்ல.”

மாப்பிள்ளையின் முகம் ஒரு கணம் கறுத்தது. அடுத்த கணம் பிரகாசமாகிவிட்டது. சொரணை என்பது சிலருக்குப் பிறவியிலேயே வைப்பதில்லை. பார்த்தீர்களா, எங்கள் சாதனத்தில் ஒரு குறையும் இல்லை, எல்லாம் இந்தம்மா செய்த சதி, மனிதர்களை நம்பினால் இதுதான் கதி என்று விருந்தாளிகள் பக்கம் திரும்பி விற்பனையைத் தொடர்ந்தார்.

அவள் குச்சியை வெளியே எடுத்து மேலங்கியில் துடைத்து, பழைய இடத்தில் தொங்கவிட்டுக் கதவை மூடினாள். இறங்கிய சூட்டை ஏற்றுவதற்கு ஹீட்டர் முழுமூச்சில் ஓட ஆரம்பித்தது. திரையில் கோடு ஏறியது. தொண்ணூற்றொன்பதரையைத் தொட்டது. அங்கே நிற்கவில்லை. நூறு, நூற்றொன்று, நூற்றிரண்டு.

“மூன்றாம் இயந்திரம். வெப்பநிலை அதிகமாகிறது. கவனிக்க...”

பாதியில் அறுந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் கட்டைவிரல் கைப்பேசியின் மேல் இருந்தது. பழக்கத்தில் தானாகப் போய் அமுக்கிவிட்டது, அவருக்கே தெரியவில்லை. விரலை எடுக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் நின்றார்.

“எதுக்கு அத அமுக்குனீங்க?” என்று கண்ணாடி அம்மா கேட்டார்.

சூட்டக்கா கதவைத் திறந்து நடுத்தட்டிலிருந்து ஒரு முட்டையை எடுத்து இமையில் வைத்தாள். அடுப்பிலிருந்து எடுத்தது போலச் சுட்டது. ஹீட்டர் நிற்க வேண்டிய நேரம் தாண்டிவிட்டது, அதன் சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அணைக்கிற சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்று நேற்றல்ல, இரண்டு வாரத்துக்கு முன்னாலிருந்தே விட்டுவிட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. குச்சி அதைத்தான் ஏழாம் நாள் ஒரே பகலில் பதினொரு தரம் சொல்லியிருக்கிறது.

“இது கத்தினது நெசம்” என்றாள் அவள். யாரிடம் சொன்னாள் என்று சொல்ல முடியாது. “நாமதான் கேக்கல. டீசல், மூணாம் நம்பர் மெயினை அமத்துங்க.”

டீசலுக்கு உத்தரவில்லாமல் எதிலும் கை வைக்கக்கூடாது என்ற சட்டம் இன்னும் அமலில் இருந்தது. மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு போய் மெயினை அணைத்தார். பையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஹீட்டர் பெட்டியின் மூடியைக் கழற்ற உட்கார்ந்தார்.

மத்தியானத்துக்குள் எல்லாம் தீர்மானமாகிவிட்டது. விஷயம் படுக்கையில் இருக்கிற முதலாளியின் காதுக்குப் போனது, டீசலின் வீட்டைத் தொடக்கூடாது என்று அங்கிருந்து சொல்லி வந்தது. கண்ணாடி அம்மா கோட்டுவிடம், வாயை அடைக்கிற அந்தப் பொத்தானைக் கழற்றிவிட்டுக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னார். மாப்பிள்ளையிடம் ஒன்றும் சொல்லாமல் போனார். சூட்டக்காவை நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார்கள். அதற்கு யாரும் தடை சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. ஒன்பதாயிரம் குஞ்சு. மாப்பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது, அதனால் செய்தார். அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே, ஓர் ஆளின் குரலைக் கேட்கப் பிடிக்காமல், கண்ணை மூடிக்கொண்டு இருந்துவிட்டாள். அவர் மூஞ்சியில் காறித் துப்பலாம் என்று இத்தனை மாதமாக இருந்தவளுக்கு இப்போது எந்த மூஞ்சியில் துப்புவது என்று தெரிந்துவிட்டது.

மேலங்கியை ஆணியில் மாட்டிவிட்டு, சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, மத்தியான வெயிலில் வாசல் கேட்டுவரை வந்திருப்பாள். கூடத்திலிருந்து மாமியார் கூப்பிட்டாள். ஐந்தாம் இயந்திரம், வெப்பநிலை குறைகிறது, கவனிக்கவும். கால் தானாகத் திரும்பிவிட்டது. போகிற உரிமை இல்லை என்று நினைவு வந்து நின்றாள். இந்நேரம் பொத்தானை அமுக்கியிருப்பார், இதோ அறுந்துவிடும் என்று காத்திருந்தாள். அறுந்துவிடவில்லை. ஐந்தாம் இயந்திரம், ஐந்தாம் இயந்திரம். யாரோ ஓடுகிற செருப்புச் சத்தம் கேட்டது. மெஷின் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. குரல் மட்டும் நிற்கவில்லை. பஸ் ஒன்று வந்து போயிற்று, அவள் ஏறவில்லை. வெயில் உச்சந்தலையில் இறங்கியது. கால் மணி நேரம் அப்படியே கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நன்றி” என்றாள் மாமியார்.

இத்தனை மாதத்தில் அந்த வார்த்தையை அவள் அன்றைக்குத்தான் முதல் தரம் கேட்டாள். போடி இவளே என்று கூடத்தைப் பார்த்துச் சொன்னாள். சொல்லிவிட்டு, பாத்திரத்தைக் கை மாற்றிக்கொண்டு, அடுத்த பஸ்ஸுக்காகத் தெருவில் இறங்கினாள்.